இசக்கிசெல்விக்கு நான் போட்ட வழி

பெண்டாட்டியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று உறுதி எடுத்தேன். அதை அவளிடம் நேராகச் சொல்லாமல் சமாளிப்பது என்றும் உறுதி எடுத்தேன். கெட்டது அங்கேதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். குடியிருப்பது பிழைப்புக்கு வந்த பென்னலூரில், ஒற்றை அறையில். நான் மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். எதிர் கம்பெனியில் செல்போன் கோக்கிற லைனில் இசக்கிசெல்விக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பாக்கி. எப்படி வந்து போவாள், புருஷனுக்குச் சம்மதமா என்று என் கைப்பட எழுதி வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஏது சம்மதம்? ஷிஃப்ட் முடிந்து வந்தால் சுடுசோறும் தேங்காய்ப்பால் சொதியும் யார் வைப்பது? வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அதனால் லாரி மேல் பழியைப் போட்டேன்.

"ஏளா, ஹைவேல கண்டெய்னர் வார வரத்தப் பாத்திருக்கியா? சைக்கிளோட நசுக்கிப் போட்டுருவான்!"

"நீங்க தெனமும் அதுலதான போறீய?"

"நான் ஆம்பிள."

"லாரிக்காரன் அதெல்லாம் கேட்டுட்டா ஏத்துவான்?"

அவளே இறங்கி வந்தாள்.

"சரி, சந்தடி இல்லாத வழி ஒண்ணு நீங்களே பாத்துக் குடுங்க. எனக்குத் தோதுப்படலன்னா வேலையே வேண்டாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததே! ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். ஏரிக்கரை, இடுகாட்டுப் பின்பக்கம், மாட்டுக்கொட்டகைச் சந்து, ஆறு நாய் காவல் இருக்கிற தெரு, எதையும் விடவில்லை. இரண்டு கிலோமீட்டரை ஏழாக்கினேன். மொத்தம் பதினேழு திருப்பம்.

வீட்டு ஓனர் ராஜம்மா மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா வானமாமலை, காத்தாலேர்ந்து சுத்திகினே கீற? எதுனா தொலைச்சுட்டியா?"

"கம்பெனிக்கு வழி பாக்கேன்க்கா."

"நேராப் போனா பத்து நிமிசம்பா!"

"அதான்க்கா வேண்டாங்கேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் கம்பெனித் தாளில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். 'இசக்கிசெல்வி வேலைக்குப் போய்வரும் வழி' என்று தலைப்பும் எழுதினேன். பார்த்ததும் நொந்துபோவாள் என்று காத்திருந்தேன். அவளோ விரலால் ஒவ்வொரு திருப்பமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பாடுபட்டிருக்கீய! எனக்காகவா?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்போதே உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம், பாவி நான், ஸ்கேலைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

"ஏங்க, கீழ மூணு கட்டம் சும்மா கெடக்கே?"

எங்கள் கம்பெனித் தாள் எல்லாவற்றிலும் அது உண்டு. தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். ஏழு வருஷப் பழக்கம், காலிக் கட்டத்தைக் கண்டால் கை நிற்காது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கதவில் பூட்டு. ராஜம்மா சாவியை நீட்டினார். "உன் வூட்டுக்காரி வேலைல சேந்துட்டாப்பா!"

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள்.

"யாரைக் கேட்டுப் போன? நான் எங்க எழுதிக் குடுத்தேன்?"

"நேத்துதான குடுத்தீய! வேலைக்குப் போய்வரும் வழின்னு தலைப்பு, ஒப்புதல்னு கையெழுத்து. இவ்வளவு பொறுப்பா யார் புருசனும் எழுதிக் குடுக்கலன்னு ஆபீசர் சொல்லுதாரு."

"பதினேழு திருப்பமும் மிதிச்சுப் பாரு. அப்பத் தெரியும்."

"நான் எதுக்கு மிதிக்கணும்? படத்தப் பாத்து அவருக்கே பாவமாப் போச்சு. நாளையிலருந்து கம்பெனி வேன் நம்ம தெருமுனைக்கே வருது."

லைன் முழுக்க என் புகழ்தான் பாடியிருக்கிறாள். அந்தப் பெண்கள் வழியில் பார்த்தால் "அண்ணே" என்று கும்பிடுகிறார்கள். ஒவ்வொரு கும்பிடும் சுருக்கென்று குத்துகிறது. 'எனக்குச் சுடுசோறு வேணும்ளா' என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஏதாவது வழி பண்ணியிருப்பாள். அவளிடம் போய்க் கள்ளத்தனம் பண்ணினேனே! இப்போது சொதி வைப்பது நான்தான். தேங்காய்ப்பால் தினமும் திரிந்துபோகிறது.

வேன் வந்த முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலை, நான் சைக்கிளை ஹைவே பக்கம் திருப்பினேன். அவள் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். கையில் என் படத்தின் ஜெராக்ஸ்.

"லாரி நசுக்கிரும்னு சொன்னது யாரு? எனக்கு இருக்கது ஒரே ஒரு புருசன். இந்த வழியாப் போங்க."

அன்றிலிருந்து ஏழு கிலோமீட்டரும் நான்தான் மிதிக்கிறேன்.