லகான் பாயும் என் ஊர்வலக் குதிரையும்

உலகத்தில் எந்தக் குதிரையும் இதுவரை எந்தத் தப்பும் செய்ததில்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர் லகான் பாய். குதிரை உதைத்தால் உதை வாங்கியவன் மேல் தப்பு. கடித்தால் கடிபட்டவன் மேல் தப்பு. மேலே இருப்பவனைக் கீழே தள்ளிவிட்டதென்றால், ஓடிவந்து குதிரைக்கு அடிபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

கோரிப்பாளையத்தில் பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அது வயிற்றுக்கு. சவாரிக் குதிரைகளின் கெட்ட பழக்கங்களைத் திருத்துவது மனசுக்கு. துண்டு கிடக்க வேண்டிய தோளில் பழைய லகான் ஒன்று கிடக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார், துக்க வீட்டுக்கும் அதோடுதான் போவார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் அவரிடம் சிக்கியதற்கு என் டாக்டர்தான் காரணம். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார். நான் குதிரை வாங்கினேன். மாட்டுத்தாவணிப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிற ஒருவர் சல்லிசாகக் கொடுத்தார். வெள்ளைக் குதிரை, பெயர் சுல்தான்.

"தங்கமான குதிரைண்ணே. பச்சப்புள்ள உக்காந்தாலும் ஆடாது, அசையாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அசையாததுதான் அதன் வியாதி என்பது பிறகு தெரிந்தது.

நாகமலைக்கு மேற்கே எங்கள் குடும்ப நிலத்தில் கொட்டகை போட்டு சுல்தானைக் கட்டினேன். முதல் நாள் ஏறி உட்கார்ந்து தேனி ரோட்டுக்கு வந்தேன். ராஜநடை. முதல் கல்யாண மண்டபம் வந்தது. சுல்தான் நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, தலையைக் குனிந்து, ஆரத்திக்காகக் காத்திருந்தது. நான் தட்டினேன், கெஞ்சினேன், இறங்கித் தள்ளினேன். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து ஊர்வலம் போன குதிரை. மண்டபம் வந்தால் நிற்க வேண்டும், யாராவது ஆரத்தி சுற்றிக் கொட்டினால்தான் கிளம்ப வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியிருந்தது. மதுரையிலோ பத்துக் கடைக்கு ஒரு மண்டபம். வீட்டில் என் மனைவி செல்வி அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்துவிட்டாள்.

லகான் பாய் வந்து பார்த்தார். குதிரையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்பு பூராம் உங்க மேலதேன் தம்பி."

"நான் என்ன பாய் பண்ணுனேன்? மண்டபத்தப் பாத்து நிக்கிறது அது."

"நிக்கிறது சொகம்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. மேல உக்காந்துகிட்டு நீங்களும் சும்மா நிக்கிறீங்க. நின்னா வேலை, நடந்தா சொகம்னு புரிய வைக்கணும். அம்புட்டுதேன்."

புரிய வைக்கும் முறை இதுதான். மண்டபத்து வாசலில் நின்றதா? உடனே லகானை ஒரு பக்கம் இழுத்து, அதே இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். மண்டபத்தைத் தாண்டிய பிறகுதான் லகானைத் தளர்த்தி, கழுத்தைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தேனி ரோட்டில், போகிற வருகிற ஆட்டோவெல்லாம் ஒதுங்கி நிற்க, ஐம்பது வயதில் தொந்தியோடு சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். பாய் மொபெட்டில் பின்னாலேயே வருவார். குதிரையை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "குதிகாலக் கீழ விடுங்க! மூட்டைய ஏத்தி வச்ச மாதிரி உக்காராதீங்க!" என்று அவர் போடுகிற சத்தத்தில் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸோடு வெளியே வந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த முகூர்த்த நாளை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பைபாஸ் ரோட்டில் ஒரு மண்டபம். உள்ளே நிஜமாகவே கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில் வருவதாக ஏற்பாடு, வந்துசேரவில்லை. அந்த நேரம் பார்த்து சுல்தான் வாசலில் போய் நின்று காலைத் தூக்கியது. குளம்புச் சத்தம் கேட்டதும் மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். ஒருவர் எக்கி மாலையே போட்டுவிட்டார்.

"மாப்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத் தெரியுதே" என்றது ஒரு குரல்.

"ரெண்டாந்தாரம்னு நம்மகிட்ட மறைச்சுட்டாங்க போல" என்றது இன்னொரு குரல்.

ஆரத்தி கொட்டியதும் சுல்தான் திருப்தியாகக் கிளம்பியது. பாய் மொபெட்டில் பக்கத்தில் வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி, பொட்டு வச்சா வாங்கிக்கிருவீங்களா? அப்புறம் குதிரைக்கு எப்படி புத்தி வரும்?"

மாலையும் கழுத்துமாக நான் இருந்த வீடியோ, செல்வி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவள் நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயம்.

"அடுத்த மாசம் மொத முகூர்த்தத்தன்னிக்கு நாகமலையில கெளம்பி நம்ம வீட்டு வாசலுக்கு வாங்க. எந்த மண்டபத்துலயும் அது நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா வித்துருவோம். வண்டிப் பந்தயக்காரரு கேட்டுக்கிட்டுத்தேன் இருக்காரு."

அந்தப் பந்தயக்காரருடைய சாட்டையை நான் பார்த்திருக்கிறேன். சுல்தானின் முதுகில் ஒரு தழும்புகூடக் கிடையாது.

விஷயத்தைக் கேட்டதும் பாய் கடையைத் தன் கூடப்பிறந்த தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் கொட்டகையிலேயே தங்கினார். மொபெட்டில் ஸ்பீக்கர் கட்டி, கெட்டிமேளத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் விரட்டுவார். மேளம் கேட்டால் நடை, மேளம் கேட்டால் ஓட்டம். நான் லகானைத் தொட்டால்கூட, "நிப்பாட்டாதீங்க தம்பி, போக விடுங்க!" என்று கத்துவார். வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து, யார் வீட்டில் விசேஷம் என்று கேட்பார்கள். மாதம் முடிவதற்குள் மேளச் சத்தம் கேட்டால் சுல்தான் காதை மடக்கிப் பறந்தது. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதும், "குதிரை தேறிருச்சு, நீங்கதேன் தேறல" என்றார்.

சோதனை நாள் வந்தது. பாய் வழக்கம்போல மொபெட்டில் பின்னால் வந்தார். தேனி ரோட்டு மண்டபங்களைச் சுல்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காளவாசல் தாண்டி, எனக்கு ஆரத்தி எடுத்த அந்த பைபாஸ் மண்டபத்தையும் தாண்டிவிட்டோம். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசல். செல்வி கைகட்டி நின்றாள். பக்கத்தில் பந்தயக்காரர். ஜெயித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, பின் தெருவில் ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

அவ்வளவுதான். செல்வியின் முகம் ஒரு பக்கமாகப் போனது தெரிந்தது. வீடு போனது, தெரு போனது. லகானை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், பலனில்லை. நடக்கவும் ஓடவும் சொல்லிக்கொடுத்த பாய், நிற்பதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பசுமலைக்குப் பக்கத்தில் புல்லுக்கட்டு ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே வந்தது; புல்லைக் கண்டு சுல்தான் நின்றதால் உயிர் பிழைத்தேன்.

குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பினேன். இந்தத் தடவை லகான் பாயை ஒரு கை பார்த்துவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. நடுவில் பாய் செல்வியின் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

"தப்பு என் மேலதேன் டீச்சரம்மா. நிக்கப் பழக்காம விட்டது நான். தம்பி மேல தப்பில்ல. அந்த வாயில்லா சீவனக் குடுத்துராதீங்க" என்றார்.

என் மேல் தப்பில்லை என்று அந்த மனிதர் ஒரே ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! சொல்லிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல செல்வி, நிப்பாட்டவும் பாய் சொல்லித்தேன் குடுத்தாரு. நான்தேன் பயத்துல லகான விட்டுட்டேன்" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடி போதும். பந்தயக்காரரிடம் திரும்பி, "குதிரை விக்கிறதுக்கு இல்லண்ணே" என்றாள்.

பாய் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் பழைய களை வந்தது.

"அதானே பாத்தேன்! எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன், லகான விடாதீங்கன்னு? ஒங்களக் கட்டி மேய்க்கிறதுக்கு நாலு குதிரைய மேய்ச்சிரலாம்யா!"

பழங்காநத்தமே வேடிக்கை பார்க்க அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். நானும் அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.