சாட்டிலைட் பெட்டிக்குப் பொன்னாடை

நம் ஆட்களுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் சும்மா இருக்க முடியாது, எதையாவது போர்த்திவிட வேண்டும். சிறப்பு விருந்தினர், பரிசு கொடுக்க வந்தவர், மைக்கைப் பிடித்தால் விடாதவர் என்று யாராக இருந்தாலும் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தே தீரும். ஆனால் ஓர் இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்தி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்தப் பொன்னாடையை பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த புத்திசாலியும் நான்தான்.

அப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். படகு, செம்பனைத் தோட்டம் என்று போன் கோபுரம் எட்டாத இடங்களுக்கு சாட்டிலைட் இன்டர்நெட் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த வேலைக்கு நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருடம், மேரு என்ற ஊரில் எங்கள் வீடு இருக்கும் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், வெள்ளம் புகுந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தேன், வீட்டில் அம்மா தனியாக இருந்தார். கரண்ட் போனது, கூடவே போன் கோபுரமும் போனது. ஒரு முழு நாள் அம்மாவின் நம்பரையே அடித்துக்கொண்டிருந்தேன். (அம்மா பக்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.) இனி எந்த வெள்ளத்திலும் எங்கள் தாமானிலிருந்து ஒரு போனாவது வெளியே போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சங்கப் பணத்தில் ஒரு சாட்டிலைட் பெட்டி வாங்க, குடியிருப்போர் சங்கத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தலைவர் சுப்ரா அங்கிள் நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். செயலாளர் தேவி ஆன்டிக்கோ சங்கத்துக்குப் புது மைக் செட் வேண்டும்.

"யோகேஸ், ஒரு நாள் செஞ்சு காட்டு. வேலை செஞ்சா உன் பெட்டி, இல்லன்னா என் மைக் செட்" என்றார் ஆன்டி.

கம்பெனியில் கெஞ்சி ஒரு கருவியை இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பொதுமண்டபத்துக்கு முன்னால் உள்ள திடலில் நிகழ்ச்சி. "பிரிக்பீல்ட்ஸ்லேருந்து வரப்ப நல்ல ஜரிகையா ஒரு பொன்னாடை வாங்கிட்டு வாம்மா" என்று அங்கிள் சொல்லியிருந்தார். அது அவருக்கே போர்த்திக்கொள்ளத்தான் என்று நினைத்து, துணியே தெரியாத அளவுக்கு ஜரிகை ஓடியதாகப் பார்த்து எடுத்தேன்.

காலையில் கருவியைத் திடலின் நடுவே மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. கூட்டம் கூடியதும் நான் மைக்கைப் பிடித்தேன். "இந்த சாட்டிலைட்டுகள் ஒரே இடத்தில் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று தலைக்கு மேலே கடந்து போனதும் இந்தக் கருவி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். வானம் மறையாமல் இருந்தால் போதும், இணைப்பு விட்டுப் போகாது" என்று முழங்கினேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் சுப்ரா அங்கிள் பொன்னாடையோடு வந்தார். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்ம தாமானக் காப்பாத்தப் போற சாமி இது. போர்த்தலாமாம்மா?"

"துணிதானே அங்கிள், தாராளமா. சிக்னல் அதுக்குள்ள பூந்து போயிடும்." (நான் படித்தது மின்னணுவியல் என்று இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.)

இரண்டாக மடித்துப் போர்த்தினார். எல்லாரும் தட்டினார்கள், நானும்தான் தட்டினேன். அதோடு விட்டேனா? காற்றில் அது நழுவியபோது என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பொன்னாடையை மேசைவிரிப்போடு சேர்த்து இறுக்கிக் குத்தினேன்.

பிறகு எல்லாருடைய போனையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கருவியின் இணைப்பில் என் போனிலிருந்து, ஈப்போவில் காத்திருந்த என் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேகம்" என்றேன். மேகம் விலகியது, வட்டம் விலகவில்லை.

"மண்டபத்தோட தகரக் கூரை மறைக்குது" என்றேன். நான்கு பேர் மேசையைத் தூக்கினார்கள். பொன்னாடை பளபளக்க, கருவி சாமி ஊர்வலம் போலத் திடலைச் சுற்றி வந்தது. ஒரு பாட்டி எழுந்து கும்பிட்டே விட்டார். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அந்தப் பெட்டி வானத்தை முதலிலிருந்து தேடத் தொடங்கும், அதனால் அதை அசைக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துபவள் நான்தான்.

அடுத்து என் கண் ரம்புத்தான் மரத்தின்மேல் விழுந்தது. அது தேவி ஆன்டி நட்டு வளர்த்தது, அப்போதுதான் காய் சிவக்கத் தொடங்கியிருந்தது. "அந்தக் கிளைதான் பிரச்சினை" என்று நான் சொன்னதும் யாரோ உற்சாகமாக அரிவாளோடு ஏறிவிட்டார். கிளை காய்களோடு விழுந்தது. வட்டம் சுற்றியது.

"மைக் செட் வாங்கியிருந்தா இந்நேரம் ஒரு பாட்டாச்சும் கேட்டிருக்கலாம்" என்றார் ஆன்டி, கீழே கிடந்த கிளையைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கூட்டம் மண்டபத்துக்குள் ஓடியது. "போதும்மா, உள்ள வா லா, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று கூப்பிட்டார் அங்கிள். நான் நகரவில்லை. கருவி நனைந்தால் ஒன்றும் ஆகாது, நனைவதற்கென்றே செய்தது. போனை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"வெள்ளம் வரப்ப மழ பெய்யாமலா இருக்கும் அங்கிள்? மழையில வேலை செய்யலன்னா இது எதுக்கு? நான் வர மாட்டேன்" என்று கத்தினேன். ஊக்கு இல்லாத சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இந்த வீர வசனம்.

அப்போது அம்மா குடையோடு ஓடி வந்தார். எனக்குக் குடை பிடிக்கத்தான் வருகிறார் என்று நெகிழ்ந்துபோனேன். என்னைத் தாண்டிப் போய் மேசையருகே நின்றார்.

"புதுப் பொன்னாடை நனையுதுடி! சாயம் போயிடப் போவுது!"

ஊக்கைப் பிடுங்கி, பொன்னாடையைச் சுருட்டிக் குடைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினார். நான் நனைந்தபடி நின்றேன். சிறிது நேரத்தில் வட்டம் நின்றது. பைக்குள்ளிருந்து மாமாவின் முகம் எட்டிப் பார்த்தது.

"என்னடி யோகேஸ், நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிற? எவ்ளோ நேரமா பசியோட உக்காந்திருக்கேன் தெரியுமா?"

மண்டபத்திலிருந்து ஆரவாரம் எழுந்தது. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. ஜரிகை என்பது உலோகம் பூசிய இழை. வானத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு பெட்டிக்கு நானே தேடிப் பிடித்து ஒரு தகரக் கூரை வாங்கி வந்து, அது பறந்துவிடாமல் ஊக்கும் குத்தியிருக்கிறேன்.

நடந்ததை எல்லாரிடமும் சொன்னேன். தேவி ஆன்டி வெகுநேரம் சிரித்தார். கொட்டும் மழையில் படம் தெளிவாக வந்ததைப் பார்த்த பிறகு அவரே பெட்டிக்குக் கை தூக்கினார், ஒரு நிபந்தனையோடு. மண்டபத்து மொட்டை மாடியில் கருவியும் பேட்டரியும் ஏறிய அன்று, பக்கத்திலேயே ஒரு பலகையும் ஏறியது: 'கருவிக்கு மாலை, பொன்னாடை அணிவிக்கக் கூடாது.' (ரம்புத்தான் விஷயத்தில் மன்னிப்பு இன்னும் கிடைக்கவில்லை.)

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு யாரோ பொன்னாடை போர்த்தியபோது, "எடுங்க லா, சிக்னல் போயிடும்!" என்று மாமா மேடைக்குக் கீழிருந்து கத்தினார். என் கணவருக்கு அன்றைக்குத்தான் முழுக் கதையும் தெரிய வந்தது.

பிறகு மறுபடியும் வெள்ளம் வந்தது. மேருவில் கோபுரங்கள் செத்துவிட்டன என்று கேள்விப்பட்டதும் ஆபீசில் எழுந்து நின்றேன். அம்மாவின் நம்பரை அடிப்பதற்குள் என் போன் அடித்தது. பின்னால் மழைச் சத்தம், ஆட்களின் குரல்கள். அம்மா ஹலோகூடச் சொல்லவில்லை.

"மாடில ஏறிப் பார்த்துட்டேன்டி. பொன்னாடை ஒண்ணும் இல்ல. பேசு."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.