அர்த்தம் அண்ணே கையெழுத்துப் போட்ட கதை

மதுரையில் ஒரே ஒரு கையெழுத்துப் போடுவதற்குப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டவர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதானால், அதை அர்த்தம் அண்ணேவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் சிம்மக்கல்லில் எங்கள் ஆபீஸ் இருந்த தெருவை மூன்று முறை தோண்டி, மூன்று முறை மூடிவிட்டார்கள்.

கல்லூரி முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை அது. மியூச்சுவல் ஃபண்ட், டெபாசிட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சின்ன ஆபீஸ். முதலாளி, நான், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். வருகிறவர்கள் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் எதையும் படித்ததில்லை. நானும்தான்.

அண்ணே செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். வீட்டைப் பங்கு பிரித்ததில் கொஞ்சம் பணம் வந்தது, அதை எதிலாவது போடலாம் என்று ஒரு வியாழக்கிழமை வந்தார். பத்தொன்பது பக்க விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டினேன். பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார்.

“இதுல என்ன பாப்பா எழுதியிருக்கு?”

“வழக்கமா இருக்கிறதுதான் அண்ணே.”

“வழக்கமா என்ன இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“தறியில ஒரு நட்டைக் கழட்டுனாக்கூட அது எதுக்கு இருக்குண்டு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கழட்டுவேன். வாரம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு, போதும். எல்லாம் வெளங்குனதும் கையெழுத்துப் போட்டுருவோம்” என்றார். அர்த்தம் அண்ணே என்பது அன்றைக்கு நான் வைத்த பெயர்தான். விண்ணப்பத்தில் அவருடைய நிஜப் பெயரை நானே என் கையால் நிரப்பினேன், இன்று அது நினைவில் இல்லை.

முதல் வார்த்தை ரிடம்ப்ஷன். செல்போனில் தேடி, “மீட்பு” என்றேன்.

“அடகு வச்சதத்தான் மீட்பாக. அப்ப என் பணத்தை எங்கிட்டாச்சும் அடகு வைக்கப் போறீகளா?”

முதலாளி குறுக்கே வந்து, போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது என்று விளக்கினார். “அப்ப எடுக்குறதுண்டே எழுதித் தொலைய வேண்டியதுதானே?” என்றார் அண்ணே. முதலாளி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர். தமிழும் ஆங்கிலமும் அத்துப்படி. மூன்று மொழியிலும் தேடிப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அடுத்து டெட் ஃபண்ட். “செத்துப்போன ஃபண்டுல எவன் பணம் போடுவான்?” என்றார். அது வேறு டெட், இதற்குக் கடன் என்று அர்த்தம் என்றேன்.

“நான் பணம் போட வந்தனா, கடன் வாங்க வந்தனா?”

“நீங்க வாங்கலண்ணே, குடுக்குறீங்க. கம்பெனிகளுக்கு.”

“அவுகளுக்கு என்னைத் தெரியாதே. பெறகு எப்படி எங்கிட்ட வந்து கடன் கேட்டாக?”

அன்று பூராவும் எனக்கும் அதே சந்தேகம்தான்.

பணத்தைச் சீக்கிரம் வெளியே எடுத்தால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு வந்த வாரம், “லோடு ஏத்துறதுக்குக் காசு கேட்டா ஞாயம். வெறுங்கையோட வெளிய போறவங்கிட்ட என்னத்துக்குக் காசு?” என்று மல்லுக்கு நின்றார். ‘வாலட்டைல்’ என்பதை அவராகவே, கையோடு கொண்டுவரும் நோட்டில் ‘வாலாட்டல்’ என்று எழுதி, ‘மார்க்கெட் ஒரு இடத்தில் சும்மா இருக்காமல் வாலாட்டுவது’ என்று அர்த்தமும் போட்டுக்கொண்டார். திருத்தப் பார்த்தேன். எதைத் திருத்துவது என்று புரியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனில் ஒரு வாடிக்கையாளரிடம், “மார்க்கெட் இப்ப கொஞ்சம் வாலாட்டலா இருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் “ஆமாம்மா” என்றார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “அந்த ஆளு கையெழுத்துப் போடாம உன்னை வேலையில நிரந்தரம் பண்ற பேச்சே கிடையாது” என்றார். சந்தேகங்களை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று சென்னையிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து, செல்லூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டார். டீயும் போண்டாவும் இலவசம் என்பதால் மண்டபம் நிறைந்தது. அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். நூறு தலைகள் ஒன்றாக ஆடின. “எனி டவுட்ஸ்?” என்றார். அண்ணேவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி முதலாளி எனக்குச் சைகை காட்டுவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“போர்ட்ஃபோலியோண்டா என்ன சார்?”

“உங்க ஹோல்டிங்ஸ்.”

“ஹோல்டிங்ஸுண்டா?”

“உங்க அசெட்ஸ் எல்லாம்.”

“அசெட்ஸுண்டா?”

“உங்க போர்ட்ஃபோலியோல இருக்கிறது.”

“சுத்திக் கெளம்புன ஸ்டாப்புக்கே வந்துட்டோம் சார். நான் இன்னும் எறங்கல. மறுபடி ஒரு ரவுண்டு போவமா?”

மண்டபமே சிரித்தது. வேலை போனது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அப்போது கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். நூல் சுற்றும் வேலைக்குப் போகிறவர். அண்ணேவைக் காட்டி, “அவரு கேட்டதால நானும் ஒண்ணு கேக்குறேன். நாமினிண்டா என்னங்க?” என்றார்.

அதிகாரி ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த அம்மா புரியாமல் அண்ணேவைப் பார்த்தார். அண்ணே நோட்டைப் புரட்டி, “நமக்குப் பெறகு இந்தப் பணத்தை இவுக வாங்கிக்கிறட்டும்ண்டு நாமளே எழுதி வைக்கிற பேருத்தா” என்றார்.

“ஜாமீன் இல்லையா?”

“இல்லத்தா. நல்லாத் தெரியும். அஞ்சு வாரம் இந்தப் பிள்ளைய உசுர எடுத்துக் கேட்டது அது.”

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெட்டியில் ஒரு பேங்க் டெபாசிட் ரசீது கிடைத்தது. அதில் நாமினி என்று இருந்த இடத்தில் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். வாசித்துக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரர், நாமினி என்றால் ஜாமீன்தான் என்று சொல்லியிருக்கிறார். கணவர் கடன் வாங்கியதற்குத் தன்னை ஜாமீன் போட்டுவிட்டார் என்று நம்பி, சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார்.

“பேங்க் இருக்க பக்கமே போறதில்லங்க. சுத்திக்கிட்டு வேற தெருவாப் போவேன். மூணு வருசமா அந்த மனுசனை வஞ்சுக்கிட்டே இருந்தேன்” என்றார்.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி, கோட்டைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் பேச ஆரம்பித்தார். மறுநாள் நானும் முதலாளியும் அந்த அம்மாவைப் பேங்குக்கு அழைத்துப் போனோம். நாலைந்து நடை நடந்து பணம் கைக்கு வந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் ஆபீஸில் உட்கார இடமில்லை. ஆளுக்கொரு காகிதத்தோடு அர்த்தம் கேட்டு வந்தார்கள். முதலாளி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார், என்னையும் நிரந்தரம் செய்தார். நான் முதல் முறையாக எங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தேன். பாதிதான் புரிந்தது.

பதினான்காம் மாதம் அண்ணே பத்தொன்பதாம் பக்கத்தை எட்டி, கையெழுத்துப் போட்டார். பணம் மொத்தத்துக்கும் இல்லை, மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டும் எஸ்.ஐ.பி.க்கு. ஆபீஸில் அதைச் ‘சிப்’ என்போம். “சிப்பு சிப்புங்குறீகளே, மொதல்ல ஒரு மடக்கு குடிச்சுப் பாப்போம்” என்றார்.

அடுத்த வருடம் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை அவரிடம், “ரிசைன் பண்ணிட்டேண்ணே” என்றேன். நோட்டைத் திறந்து அந்த வார்த்தையை எழுதி, அதை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு கோடு போட்டார்.

“ரீண்டா மறுபடி. சைனுண்டா கையெழுத்து. மறுபடியும் கையெழுத்துப் போட்டுட்டு இங்கனயே இருக்கப் போறேண்டுதானே பாப்பா அர்த்தம்?”

அதை மட்டும் நான் திருத்தவில்லை.