ஐஸ்லாந்தில் மாட்டிய மீசை

"இடது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு, மாரியப்பா," என்றார் அல்போன்ஸ், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எறங்கலீங்க சார். நீங்க தலையைச் சாய்ச்சுப் பாக்கறீங்க."

"நான் நேராத்தான் ஒக்காந்திருக்கேன்."

மாரியப்பன் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரொம்ப வருஷமாகச் சலூன் வைத்திருப்பவன். நேராக உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்தவன். கத்தியைத் தீட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அல்போன்சின் மகள் இசபெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா கஸ்பார், தொப்பூர்க் கணவாயில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் ஓட்டல்காரர். பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, அல்போன்சின் மீசையை.

"இது மீசை!" என்றார், தன்னுடையதைத் தடவிக்கொண்டே. அதுவும் லேசுப்பட்டதல்ல. "வெறும் மூஞ்சியோட ஒக்காந்து நல்ல காரியம் பேசறது எனக்கு ஆகாதுங்க. எழவு வூட்டுல ஒக்காந்த மாதிரி இருக்கும்."

இரண்டு மீசைகளுக்கும் பிடித்துப் போயிற்று. மற்ற விஷயமெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. இதற்கு முன்னால் இரண்டு இடம் கைகூடி வந்து கலைந்திருந்ததால், அல்போன்சின் மனைவி மிக்கேலம்மாள் அன்றிரவே மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இசபெல்லாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. சமையலறையில் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது.

இப்படிப்பட்ட மீசையைத்தான் அல்போன்ஸ் கொண்டுபோய் ஐஸ்லாந்தில் மாட்டிவிட்டிருந்தார்.

அந்த வருஷம், எழுபத்திரண்டில், உலக சதுரங்கப் பட்டத்துக்கு ஓர் அமெரிக்காக்காரரும் ஒரு ரஷ்யாக்காரரும் ஐஸ்லாந்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். சேலம் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரை அல்போன்ஸ் சலூனில் படித்துச் சொல்ல, கோவிந்தன் பலகையில் காய் நகர்த்துவார். கோவிந்தன் கரும்பு வெள்ளாமைக்காரர். சதுரங்கத்தில் அல்போன்சுக்கு ஜென்ம விரோதி, மற்ற நேரத்தில் நல்ல சிநேகிதர்.

முதல் நாளே தகராறு. ஐஸ்லாந்தில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் தாண்டியது. நம் ஊர் ஆட்டத்தில் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான். பேப்பர்காரன் தப்பாக அச்சடித்துவிட்டான் என்று இருவரும் ஏகமனதாக முடிவு செய்து ஒரு கட்டமே நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உலக சாம்பியன் தன் யானையாலேயே தன் மந்திரியை வெட்ட வேண்டியதாயிற்று.

"இதுதான் பெரிய எடத்து ஆட்டம். நமக்குப் புரியாது," என்றார் கோவிந்தன் பக்தியுடன்.

கோவிந்தன் ரஷ்யாவின் கட்சி. ரஷ்யாவிலிருந்து வரும் பத்திரிகையின் வழவழப்பான தாளில்தான் அவர் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்தது. அந்த நன்றி. அல்போன்ஸ் அமெரிக்காவின் கட்சி. நாற்காலி சரியில்லை, காமிரா சத்தம் போடுகிறது என்று அமெரிக்காக்காரர் மேலிடத்துக்குப் புகார் மேல் புகார் கொடுத்தார் அல்லவா? பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்த அல்போன்சுக்கு அப்படிப்பட்ட ஆள்மேல் தனி மரியாதை.

"என் ஆளு தோத்தா இதே நாற்காலியில ஒக்காந்து மீசையை எடுத்துடறேன்!" என்றார் ஒருநாள் வேகத்தில்.

"என் ஆளு தோத்தா நான் எடுத்துடறேன்!" என்றார் கோவிந்தன்.

அமெரிக்காக்காரர் முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. அல்போன்சுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் தெரிந்த மிக்கேலம்மாள், வீட்டிலிருந்த பலகையையும் காய்களையும் வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்க காதுல இது விழுந்துச்சுன்னா சூதாடி வூடும்பாங்க. மூச்சு விடக்கூடாது!"

அப்படியும் பெண் பார்க்க வந்த அன்று ஒரு கறுப்புக் குதிரை உருண்டு வந்து கஸ்பாரின் காலடியில் நின்றது. அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்து வூட்டுப் பிள்ளைங்க வெளையாடறதுங்க," என்றாள் மிக்கேலம்மாள்.

"ம்," என்று கஸ்பார் அதை ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைத்தார்.

நல்லவேளையாக அமெரிக்காக்காரர் பிறகு விழித்துக்கொண்டு வரிசையாக ஜெயித்தார். ஜெயித்தால் பட்டம் என்ற ஆட்டம் இப்போது பாதியில் நின்றிருந்தது. முடிவு தெரிவதற்குள் நிச்சயத்துக்காக மீசையை ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்றுதான் அல்போன்ஸ் சலூனுக்கு வந்திருந்தார்.

"ஒரு நூல்தான். அதுக்கு மேல போவக்கூடாது," என்றார்.

மாரியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை மீசை ஓரத்தில் வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கோவிந்தன் உள்ளே வந்தார்.

"மாரியப்பா, எனக்கும் கத்தியைத் தீட்டு. ரேடியோவுல சொல்லிட்டான். ரஷ்யாக்காரன் ஆட வராமலே, போன்லயே தோல்வியை ஒத்துக்கிட்டானாம்!"

"ஆ!" என்று அல்போன்ஸ் நாற்காலியை விட்டு எழும்பினார்.

எழும்பியது அவர் மட்டும்தான். கத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. இடது பக்க மீசை மடியில் விழுந்தது.

அல்போன்ஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நான் அசையவே இல்லீங்க சார்," என்றான் மாரியப்பன்.

ஒரு பக்க மீசையோடு தெருவில் நடக்க முடியாது. வலது பக்கத்தையும் எடுத்தார்கள். ஜெயித்தவர் முகத்தைக் கோவிந்தன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப நானும் எடுத்துட்டா, யாரு ஜெயிச்சா யாரு தோத்தான்னு ஊருக்கு எப்படித் தெரியும்? கொழப்பந்தான். டிரான்னு வெச்சுக்கலாம் அல்போன்சு," என்றவர் மீசையை முறுக்கிக்கொண்டே வெளியே போனார்.

அல்போன்ஸ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்குப் போனார். வாசலில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி நிச்சயத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை வழிவிடச் சொல்லத் துண்டை இறக்கினார்.

பாஞ்சாலி வெறும் முகத்தைப் பார்த்தாள். அவள் சனத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுத்தால் அதற்கு ஒரே காரணம்தான். கோலமாவுக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ! நல்ல காரியத்துக்கு மொத நாளா இப்படி ஆவணும்! யாருங்கண்ணா போனது?"

"யாரும் போவலம்மா..."

"மறைக்காதீங்கண்ணா! மொகமே சொல்லுதே!"

அழுகுரல் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்து பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் பந்தக்காலில் மாட்டினார்.

உள்ளே மிக்கேலம்மாள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்ச மூஞ்சியா இது?" என்று அழ ஆரம்பித்தாள். இசபெல்லா அழவில்லை. நாளைக்குக் கட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த பச்சைப் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அதை அல்போன்ஸ் பார்த்தார். உலகத்தில் எந்தச் சாம்பியன் எக்கேடு கெட்டால் என்ன என்று அப்போதுதான் முதன்முதலாக அவருக்குத் தோன்றியது.

மத்தியானம் தருமபுரி பஸ் கண்டக்டர் வந்து நின்றார்.

"தொப்பூரு கஸ்பாரு சொல்லி அனுப்பிச்சாருங்க. நிச்சயத்தை ஒரு மாசம் தள்ளி வெச்சுக்கலாமான்னு."

"அதுக்குள்ள தொப்பூரு வரைக்கும் தெரிஞ்சு போச்சா!" மிக்கேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தள்ளறதெல்லாம் முடியாது. ஆட்டுக்குச் சொல்லியாச்சு, ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்தே ஆவணும்னு சொல்லுங்க!"

கண்டக்டர் போனதும் அவளே வழியும் கண்டுபிடித்தாள். பந்தலில் போய் நின்று அறிவித்தாள்.

"யாரும் சாவல. பொண்ணுக்கு நல்லபடியா அமைஞ்சா மீசையைத் தர்றதா அவரு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகிட்டாரு. அவ்வளவுதான்."

பெண்கள் கொஞ்சம் ஏமாற்றத்துடன் முடியை முடிந்துகொண்டார்கள். கூட்டத்தில் இருந்த உபதேசியார் சவரி மட்டும் எழவில்லை. கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். நேர்த்திக்கடன் சமாசாரத்தில் யாரையும் சும்மா விடமாட்டார்.

"மாதாவுக்குன்னா மொட்டையில்ல அடிப்பாங்க? வெறும் மீசையைக் குடுக்கறது எந்தூரு வழக்கம்?"

"அது... மொட்டையும் உண்டுங்க," என்றாள் மிக்கேலம்மாள்.

"எப்ப?"

மிக்கேலம்மாள் கணவனைப் பார்த்தாள். அல்போன்ஸ் மகளைப் பார்த்தார். சாயங்காலம் அவரே மாரியப்பனின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை எவ்வளவு எடுக்கணுங்க சார்?" என்று கேட்டான் மாரியப்பன்.

"கேக்காத. எடு."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கஸ்பார் மப்ளரை மூக்கு வரை சுற்றியிருந்தார். கணவாய் ரோட்டில் தூசியாம். பந்தலுக்குள் வந்தவர் அல்போன்சின் தலையைப் பார்த்தார். பிறகு மேலுதட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். மிக்கேலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உபதேசியார் முன்னால் வந்து நேர்த்திக்கடன் கதையை விளக்கமாகச் சொன்னார். மகள்மேல் இப்படிப் பாசம் வைத்த தகப்பன் இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று முடித்தார். கஸ்பார் தலையை ஆட்டினார். தட்டு மாறியது. மாப்பிள்ளையின் அம்மா இசபெல்லாவின் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தம் கொடுத்தாள். பச்சைப் புடவையில் இசபெல்லா தலை நிமிரவே இல்லை. அல்போன்சுக்குக் கண் நிறைந்து போயிற்று.

எல்லோரும் பந்திக்கு எழுந்து போனார்கள். கஸ்பார் மட்டும் எழவில்லை. ஜன்னல் கட்டையில் இன்னும் நின்றுகொண்டிருந்த கறுப்புக் குதிரையைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். நாற்காலியை அல்போன்சின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக மப்ளரை இறக்கினார்.

மேலுதடு வழித்திருந்தது.

"சம்பந்தி," என்றார் ரகசியமாக, "ரஷ்யாக்காரனை நம்பி நான் மீசையை மட்டுந்தானுங்க பந்தயம் கட்டுனேன். நீங்க தலையையும் சேர்த்தா கட்டுனீங்க?"