பதிவாளர் மாப்பிள்ளைக்கு, ஊர்வலப் பட்டியல் குறித்து

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே உங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அதில் என்ன குறை வந்துவிடப் போகிறது? அதே பல்கலைக்கழகத்தில் வருகைப் பதிவுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற என்னை மறக்காமல் ஒரு வேலை கொடுத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. போன வாரம் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், பின்னால் நான் கூட்டிக் குறைத்துச் சொன்னேன் என்ற பேச்சு வரக்கூடாது. "மச்சான், படிப்புக் கட்டணம் மறுபடி வருதுன்னு அறிவிச்சதிலேருந்து பசங்க தினம் ஊர்வலம் கிளம்பிடுறாங்க. உங்க வீட்டு வாசல் வழியாத்தான் போறாங்க. இங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு பையனோட முகமும் தெரியாது. நீங்க சும்மாதானே இருக்கீங்க? யார் யார் போறாங்கன்னு ஒரு பட்டியல் எடுத்துக் குடுங்க. பட்டியல்ல இருக்கிறவன் பரீட்சை எழுத முடியாது. மத்தவன் தானா அடங்கிடுவான்." அந்தச் 'சும்மாதானே' கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் தங்கையைக் கொடுத்த இடம், சொல்லைத் தட்ட முடியுமா?

இந்த மாணவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தேழு வருஷமாகக் கட்டணமே இல்லாமல் படித்துப் பழகிய இடம். எங்கள் காலத்தில் கட்டித்தான் படித்தோம். முதலாண்டில் நான் தோற்றதும், மறுபடி கட்டுவதற்கு என் அப்பா தையல் கடையில் இருந்த இரண்டு மிஷின்களில் ஒன்றை விற்றார். நான் ஊர்வலம் போனேனா? கொடி பிடித்தேனா? வாயை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய், வாயை மூடிக்கொண்டு மறுபடியும் தோற்றேன். அதுதான் ஒழுக்கம். இவர்களிடம் அது மருந்துக்கும் கிடையாது. எட்டு மணிக்கு என்று சுவரெல்லாம் ஒட்டிய ஊர்வலம் பத்தேமுக்காலுக்குக் கிளம்பியது. அரசையே அசைக்கப் போகிறவர்களுக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கத் தெரிய வேண்டாமா? எங்கள் தெருமுனையில் முன்வரிசை இடப்பக்கம் திரும்பியது, நடுவரிசை நேராகப் போய்த் தேநீர்க் கடைக்குள் நுழைந்தது, பின்வரிசைக்கு யார் பின்னால் போவது என்று தெரியாமல் என் வீட்டு வாசலில் நின்று குழாயைத் திறந்து முகம் கழுவியது. பெயிண்ட் டப்பாவைத் தட்டிக்கொண்டு ஒருவன் "கட்டணத்தை" என்று கத்துகிறான். பின்னால் இருப்பவர்கள் "ரத்து செய்" என்று சொல்ல வேண்டும். தேநீர் குடித்துவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தவர்கள் எது வந்தாலும் இருக்கட்டும் என்று "வாழ்க" என்றார்கள். போராட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

உங்கள் சுற்றறிக்கையையும் படித்தேன். கட்டணம் வந்தால் கழிவறைகளுக்குக் கதவு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கழன்ற கதவு அது. இத்தனை வருஷம் அது வராததற்கு மாணவர்கள் காசு கொடுக்காததுதான் காரணம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. புதுக் கார் மட்டும் எப்படியோ காசில்லாமலே உங்கள் அலுவலகத்துக்கு வந்து நிற்கிறது. போகட்டும், அது என் பிரிவு இல்லை.

பட்டியலுக்கு வருகிறேன். முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு பேர் தேறினார்கள்: தாடி, இன்னொரு தாடி, தாடி வளர்க்க முயல்பவன், குடை வைத்திருக்கும் பெண், அவள் குடைக்குள் இருந்ததால் முகம் தெரியாத இன்னொருத்தி, இந்த ரீதியில். இதை வைத்துக்கொண்டு யாரைப் பரீட்சை எழுத விடாமல் நிறுத்துவீர்கள்? இரண்டாம் நாள் மொட்டை மாடிக்குப் போனேன். உங்கள் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, அன்றைக்கென்று பார்த்துப் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஒரு ஊர்வலம் முழுவதும் போர்வைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள், இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று, நெட்டை நோட்டு ஒன்றை வாங்கி, வரிசை எண், பெயர், பதிவு எண், துறை, ஆண்டு, கையெழுத்து என்று கட்டம் கட்டிக்கொண்டு கீழே இறங்கி மின்கம்பத்தடியில் நின்றேன். கையெழுத்துக்கு எதற்குக் கட்டம் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். முப்பத்தொரு வருஷம் போட்ட கை, அதுவே போட்டுவிட்டது.

அப்போதுதான் வந்தது வினை. ஊர்வலத்தின் முன்னால் ஒரு மினி லாரி. அதன்மேல், நூலகத்துக்குப் போகிறேன் என்று காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிய என் சின்ன மகள், கையில் ஒலிபெருக்கி. என்னைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். ஓடிப்போய் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளியலாம் என்றால், மின்கம்பத்தைவிட நான் இரண்டு மடங்கு அகலம். "அப்பா!" என்று ஒலிபெருக்கியிலேயே கூப்பிட்டாள். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நம்ம யுனிவர்சிட்டியில முப்பத்தொரு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்த எங்கப்பா இன்னைக்கு நம்ம பக்கம் வந்திருக்காங்க! கையெழுத்து வாங்க நோட்டோட வந்திருக்காங்க!" என்றாள். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. திருடப் போன வீட்டில் தலைவாசலைத் திறந்து "வாங்க, உட்காருங்க" என்றால் திருடன் என்ன செய்வான்? உட்கார்ந்தேன். நாற்காலி போட்டார்கள். ஒருவன் குடை பிடித்தான். ஒருவன் என் முன்னால் குனிந்து, "முதுகுல வச்சு எழுதுங்க சார், ஆடாது" என்றான். உண்மையிலேயே ஆடவில்லை, உங்கள் அலுவலக மேசைகளைவிட மேல்.

அப்புறம் ஒரு வரிசை நின்றது, மாப்பிள்ளை. தொண்டை கிழியக் கத்தி முப்பத்தொரு வருஷத்தில் என்னால் நிறுத்த முடியாத வரிசை. நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, பதிவு எண் தப்பாமல், துறை, ஆண்டு எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கு இந்த நோட்டு என்று ஒரு ஜென்மம் கேட்கவில்லை. மேலே தலைப்புகூட இல்லை, வெறும் வெள்ளை. கட்டம் போட்ட நோட்டோடு எவனாவது ஒரு கிழவன் தெருவில் நின்றால் தலையெழுத்தையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற இந்தக் கூட்டம்தான் உலகத்தைத் திருத்தப் போகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. பாதி வழுக்கை விழுந்த ஆராய்ச்சி மாணவன் ஒருவன், "சார், மூணு நாள் குறைஞ்சதுன்னு ரெண்டாம் வருஷம் என்னைப் பரீட்சை எழுத விடாம நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான். "இருக்கு" என்றேன். "அதுக்கப்புறம் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஒரு பெண், துணிக்கடைச் சீருடையோடு வந்தவள், "காலையில கடை, மதியம் வகுப்பு சார். கட்டணம் வந்தா சாயந்தரமும் ஒரு கடை பார்க்கணும். மதியம் வகுப்புல தூங்கினா வருகை உண்டா, கிடையாதா?" என்று கேட்டாள். விதியில் அதற்குப் பதில் இல்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று மாலை நீங்களே கூப்பிட்டீர்கள். "மச்சான், ஆபீஸ் மாடி ஜன்னல்லேருந்து தூரமா எல்லாம் பார்த்தேன். அவங்களே வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களா! நீங்க பழம் தின்னு கொட்டை போட்டவர்னு தெரியும், மரமே வளர்த்திருக்கீங்கன்னு தெரியாது. இன்னும் இருபத்திரண்டு நாள்ல பரீட்சை. உடனே என் மேசைக்கு வந்தாகணும்" என்று சிரித்தீர்கள். "அதுல முதல் பேரு உங்க மருமக பேரு" என்றேன். உங்கள் சிரிப்பு அறுந்தது. அப்புறம், "அதுக்கென்ன, ஒரு பேரை எடுக்கிறது பெரிய விஷயமா?" என்றீர்கள். மாப்பிள்ளை, நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. ஆனால் வந்தவனை வரவில்லை என்றும் வராதவனை வந்தான் என்றும் ஒரு நாளும் எழுதியதில்லை. உங்கள் தம்பி மகனுக்கே எழுதவில்லை, அதற்காக நீங்கள் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம்.

வீட்டு நிலவரம் அதைவிட மோசம். மூன்று வருஷமாக என்னிடம் சரி, வேண்டாம் என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மகள், இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்து விடுகிறாள். சிநேகிதிகளைக் கூட்டி வந்து, "இவங்கதான் எங்கப்பா" என்று காட்டுகிறாள், ஏதோ நான் நேற்றுத்தான் பிறந்த மாதிரி. "பொண்ணு கொண்டாடுறா, இந்த மனுஷன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்காரு, என்னமோ இருக்கு" என்று உங்கள் அக்கா சுற்றிச் சுற்றி வருகிறாள். வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். இருந்தாலும் வெட்கத்துக்காக விதியை வளைக்க முடியுமா? நான் வளைத்ததில்லை.

ஆகவே, நீங்கள் கேட்ட பட்டியல், நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. என் மகள் பெயர் முதலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். தங்கை இன்று மதியம் இங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் இரத்த அழுத்தம் இறங்கி, பதவி ஏறி, கழிவறைக் கதவுகள் உங்கள் காலத்திலேயே வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அவற்றை மூடும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று வாழ்த்தும்,

அன்பு மச்சான்.

பி.கு.: மேலே எழுதியதில் 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது' என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். இணைக்கப்படவில்லை.

நேற்று மதியம் தங்கை வந்தாள். உறையை ஒட்டுவதற்கு முன்னால், "என்ன அண்ணா இவ்வளவு நீளமா எழுதியிருக்கே?" என்று வாங்கிப் படித்தாள். இரண்டாம் தரமும் படித்தாள். "அப்பா ஒரு மிஷினை வித்தாரு, உனக்குக் கட்டினாருன்னு எழுதியிருக்கே. யாருக்குக் கட்டலைன்னு எழுதலையே?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் தோற்றுப்போய் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியிருந்த அதே மாதம் அவளுக்குக் கணிதத் துறையில் இடம் கிடைத்தது. இன்னொரு மிஷினையும் விற்றால் அடுப்பு எரியாது, ஒருத்தருக்குத்தான் முடியும் என்றார் அப்பா. தோற்ற பிள்ளைக்குக் கட்டினார், ஏனென்றால் அது ஆண் பிள்ளை. நாலு வருஷம் கழித்து உங்களுக்கு அவளைக் கொடுத்தோம், மூன்றாம் மாதம் கட்டணம் ரத்தானது. முதுகலையும் ஆராய்ச்சியும் நீங்கள் ஒரு காசு கட்டாமல் படித்தீர்கள். உங்கள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவள் அவள். அதில் இருந்த பதினேழு கணக்குப் பிழைகளைத் திருத்தியவளும் அவள்தான். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், சொல்லிவிட்டேன்.

மகளிடமும் நோட்டைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு வந்து, "நோட்டைக் குடுங்க, தலைப்பு நான் எழுதுறேன். உங்க எழுத்து உங்களுக்கே புரியாது" என்றாள். 'கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று கோரும் மனு' என்று அந்த வெள்ளை இடத்தில் எழுதினாள். இன்று காலை தபால் பிரிவு திறந்ததும் நானே கொடுத்தேன். பழைய பழக்கத்தில் எழுந்து நின்ற எழுத்தர் முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீதும் கொடுத்தார். உங்கள் மேசைக்கு வர வேண்டும் என்றீர்களே, முறைப்படி வந்து சேரும். விதி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதில் கையெழுத்துப் போட்டவரே நீங்கள்தான்: வந்த மனுவுக்கு முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும், அதுவரை மனுவில் பெயர் உள்ளவர்கள் யார் மீதும் நடவடிக்கை கூடாது. பரீட்சை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

கொடுத்தபோது அதில் பெயர்கள் நானூற்றுப் பதினான்கு. நானூற்றுப் பதின்மூன்றாவது நான். நானூற்றுப் பதினான்காவது தங்கை. துறை என்ற கட்டத்தில் கணிதம் என்று எழுதினாள். ஆண்டு என்ற கட்டத்தில் முதலாண்டு என்று எழுதினாள். பதிவு எண்ணுக்கு ஒரு கோடு போட்டாள். காரணம் எழுதாமல் ஒரு கோட்டையும் நான் விட்டதில்லை என்பதால், பக்கத்தில் 'இடம் கிடைத்தது, வரவில்லை' என்று எழுதப் போனேன். பேனாவைப் பிடுங்கி, 'வர விடவில்லை' என்று அவளே எழுதினாள். மனுவுக்குப் பதிலை இந்த வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். முப்பது நாளும் அவள் இங்கேதான் இருக்கிறாள்.