சாவு வீட்டில் தவளைப் பாட்டு

முதலில் துரோகம் செய்தவன் கோவிந்தராஜ்தான். மாதப்பனின் அம்மா செத்த அன்றைக்கு, சம்பந்தி வீட்டுக் கோடித்துணி வரும் வரும் என்று பொழுது சாயும்வரை பிணத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். வரவில்லை. பெண்டாட்டியின் அண்ணன் போர்த்த வேண்டிய கோடி இல்லாமலே கிழவி மண்ணுக்குள் போனாள். கேட்டதற்கு, துணி வாங்கி வரும்போது அடிவாரத்தில் பஸ் நின்றுவிட்டது என்றான் கோவிந்தராஜ். பஸ் நின்றால் கால் நின்றுவிடுமா? அன்றிலிருந்து மாதப்பன் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

இப்போது கோவிந்தராஜே செத்துப்போனான். மஞ்சக்குட்டையில் எதிர்ச் சரிவில்தான் வீடு. ஊரில் மைக்செட் வைத்திருப்பவன் மாதப்பன் ஒருவன்தான். குழாய் ஸ்பீக்கர் பாடாத சாவு நாய் செத்த மாதிரி.

"நான் அவன் வாசப்படி மிதிக்கமாட்டேன். செட்டும் போகாது."

பெண்டாட்டி வீராயி அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க வரவேண்டாமுங்க. செட்டை மட்டும் குடுத்தனுப்புங்க. இல்லீன்னா நாளைக்கு உங்க எழவுக்கு ஆரு வருவாங்க?"

"நான் என்ன இப்பவே சாகப்போறனா?"

"எங்கண்ணனும் அப்பிடித்தான் சொல்லிட்டிருந்துச்சு."

மாதப்பன் செட்டுப் பெட்டியை வெளியே இழுத்தான்.

"ஒண்ணு மட்டுமுங்க. பொட்டில செவப்பு பென்டிரைவ் கெடக்குது. அதை மறந்தும் போட்டுராதீங்க. அண்ணன் பேத்தி மலரு டிவில பாக்குமே, தவளைங்க கப்பலோட்டுற பொம்மைப்படம், அந்த சீரியலுக்குன்னே பாடி உட்ட ஆல்பமுங்க. நேத்து அங்க போனப்ப என் பையில வந்துருச்சு. எழவு ஊட்டுல தவளை கத்துனா எங்க பொறந்த ஊட்டு மானம் கப்பலேறிரும்."

அவள் சரிவில் இறங்கிப் போனாள். மாதப்பன் தனியாக நின்று சிரித்தான். அம்மா செத்த பிறகு அவன் அப்படிச் சிரித்ததில்லை.

செட்டை ஏற்றிப்போக கோவிந்தராஜின் மகன் ராஜ்குமார் ஜீப்போடு வந்தபோது, சாவுப் பாட்டு பென்டிரைவ் மாதப்பனின் சட்டைப்பையில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு செருகியிருந்தது.

"பொத்தானை அமுக்கு சாமி. தானா பாடும்."

ராஜ்குமார் சிவப்பையே பார்த்தான். கண் கலங்கியது. "செரிங்க மாமா," என்றான். அப்பன் செத்த துக்கம் என்று மாதப்பன் நினைத்துக்கொண்டான்.

மலையில் ஒரு வசதி. எதிர்ச் சரிவில் இருமினால் இங்கே கேட்கும். மாதப்பன் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து காதைத் தீட்டினான். பனிமூட்டத்துக்குள் குழாய் கரகரத்தது.

கொர்ர்... கொர்ர்...

நூறு தவளைகள். பின்னாலேயே குழந்தைகளின் குரல்: துடுப்பைப் போடு, துடுப்பைப் போடு, கரை எங்கே போயிடும். மேளக்காரர்களின் கை நின்றுவிட்டது. இனி வசவு கிளம்பும். வீராயியின் தலை கவிழும். கோவிந்தராஜ் சாவோடு மானமும் கெட்டுப் போவான். மாதப்பன் காத்திருந்தான்.

ஒரு சிறுபிள்ளையின் அழுகை கேட்டது. அப்புறம் வீடே சேர்ந்து அழுதது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் சித்தன் மூச்சிரைக்க ஏறி வந்தான். வந்ததும் மாதப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரிய மனசு மாதப்பா உனக்கு. படுக்கையில கெடந்து பேத்தியோட அவன் பாத்ததெல்லாம் அந்தப் படந்தான். தான் செத்தா இந்தப் பாட்டைத்தான் போடோணும்னு சொல்லிட்டிருந்தானாம். காத்தால இருந்து கல்லாட்டம் உக்காந்திருந்த புள்ள இப்பத்தான் அழுவுது. வா, மச்சானுக்குக் கோடி போடு."

"கோடி வாங்கலியே."

"வீராயி வாங்கி வெச்சிருக்குது, வா."

ஊரே வழிவிட்டது. தவளைகள் கத்தக் கத்த மாதப்பன் கோடியைப் போர்த்தினான். நல்ல துணி. கோவிந்தராஜ் வாய்க்கட்டோடு கிடந்தான். இனி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாத முகம்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் மாதப்பன் காப்பிச் செடிகளைப் பார்த்தபடி வீராயியிடம் கேட்டான். "நேராவே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா போட்டிருப்பீங்களா?"

மாதப்பன் ஒரு காப்பி இலையைக் கிள்ளிப் போட்டான்.

"வேண்டாமுன்னு சொன்னாத்தான் நீங்க செய்வீங்க. கண்ணாலமான புதுசுலயே தெரிஞ்சுக்கிட்டனுங்க."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். சட்டைப்பையில் சாவுப் பாட்டு உறுத்தியது.

"அதெல்லாம் போவட்டும். எங்கம்மாளுக்கு உங்கண்ணன் போடவேண்டிய கோடி?"

வீராயி மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அதை நேர்லயே குடுக்கத்தானுங்க அண்ணன் போயிருக்குது."