கட்டிலுக்குக் கீழே ஒரு பிரெஞ்சுக்காரன்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

அண்ணன் லோகேஸ்வரன் எழுதுவது. நானும் உன் அண்ணி சுபாஷினியும் முருகன் புண்ணியத்தில் சுகம். உன் போத்தல் எங்களை விடச் சுகம்.

2010இல் பாரிஸிலிருந்து வந்தபோது அந்தச் சிவப்பு வைனை என் கையில் தந்து, "அண்ணா, இப்ப குடிச்சா வாழைக்காய்க் கயர் மாதிரி நாக்கை இழுக்கும், பத்து வருஷம் சரிச்சுக் கிடத்துங்கோ, கயரெல்லாம் மண்டியா அடியில இறங்கி மெதுவாகும், நான் வந்து ரெண்டு பேருமாக் குடிப்பம்" என்றாய். சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, ஆட்டம் ஆகாது என்றும் சொன்னாய். தம்பி, கொழும்பில் இந்த மூன்றும் இல்லாத இடம் எது? ஏசி உள்ள ஒரே அறை எங்கள் படுக்கையறை, அதனால் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் கட்டிடம் ஆடுகிறது என்று என் தலையணையை அதற்குக் கொடுத்தேன். அன்றைக்குப் பிடித்த கழுத்து இன்னும் விடவில்லை. 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் கட், ஈரத்துவாய் சுற்றி அதற்கு விசிறினேன், பக்கத்தில் வேர்த்துக்கொண்டிருந்த உன் அண்ணி, "எனக்கு ஒருநாள் இப்பிடி விசிறியிருப்பியளோ?" என்று கேட்டாள், ஞாயமான கேள்விதான். போன தீபாவளிக்கு வீடு துடைத்தவள், சாமியறைதான் குளிர் என்று படங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கிடத்தி, கையோட ஒரு பொட்டும் வைச்சு விட்டாள், வந்த சனமெல்லாம் கும்பிட்டுட்டுப் போகுது, நான் என்னத்தைச் சொல்ல?

ஒவ்வொரு வருஷமும் ரெலிபோனில், "இன்னும் கிடக்கட்டும் அண்ணா, இன்னும் நல்லா வரும்" எண்டுறாய். எனக்கு எழுபத்திரண்டு வயது. இனி ஏலாதடா. இந்த ஆவணிக்குள்ள வந்து எடு. இல்லாட்டி கீழ்வீட்டு ஹெக்டருக்குக் குடுத்திடுவன், அந்தாள் ஹோட்டல் பாரில முப்பது வருஷம் நிண்டவர்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. குளிருக்குள் காதை மூடிக்கொண்டு திரி.

அண்ணன்
லோகேஸ்வரன்

பி.கு.: மேலே எழுதினதை விடு. ஹெக்டரிடம் போத்தலைக் காட்டினேன். "இந்தச் சூட்டுக்குள்ள இது நல்லா வாற காலம் எப்பவோ முடிஞ்சுது, இப்ப நாளுக்கு நாள் இறங்குது" எண்டார். அப்பவே திறந்தம். கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகி விட்டது, கயர் இல்லை, மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசம். உன் அண்ணி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சாள். அரை மணித்தியாலத்தில அந்த வாசமும் போயிட்டுது. இனி உனக்கு இங்க எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. சும்மா என்னைப் பாக்க வா. உன்ர முகத்தை நேர கண்டு பதினைஞ்சு வருஷமாச்சு.